மாதச் சந்தாக்கள்: எதை வைத்துக்கொள்ள, எதை நிறுத்த? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டவுண், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் போனில் ஓடும் சந்தாக்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். சொல்லியிருக்கும் விலைகள் 2025 கடைசி நிலவரம். அடிக்கடி மாறுபவை என்பதால் பணம் கட்டும் முன் ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, சந்தாவும் ரீசார்ஜும் ஒண்ணுதானே? ரெண்டும் மாசா மாசம் கட்டுததுதானே?

இல்லை. ரீசார்ஜ் என்பது ஒவ்வொரு முறையும் நீங்களாகப் போய்க் கட்டுவது. கட்டாவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். சந்தாவில் ஒரே ஒரு முறை பின் நம்பர் போட்டு ஒப்புதல் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு தேதி வந்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒப்புதலுக்குத்தான் ஆட்டோபே, மேண்டேட் என்று பெயர்.

ஆகவே சந்தா என்றால் இரண்டு தனித்தனிச் சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, அந்த நிறுவனத்தில் உங்கள் பேரில் இருக்கும் கணக்கு. மற்றொன்று, உங்கள் வங்கிக் கணக்கின் மேல் அவர்களுக்கு இருக்கும் மேண்டேட். கீழே வரும் பிரச்சினைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

எங்க வீட்ல எத்தனை சந்தா ஓடுதுன்னே தெரியல. எங்கன போய்ப் பாக்க?

நான்கு இடங்களில் பாருங்கள். முதலில் யுபிஐ ஆப். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதுவானாலும் உங்கள் படத்தைத் தொட்டு உள்ளே போனால் ஆட்டோபே என்று ஒரு வரி இருக்கும். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று யுபிஐ ஆப் இருந்தால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். அடுத்து பிளே ஸ்டோர்: படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் ஒன்றில் காட்டாதது மற்றொன்றில் இருக்கும். அதனால் கணக்கை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, டெபிட், கிரெடிட் கார்டுகள். வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற பகுதியில் இருக்கும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் உண்மையைச் சொல்வது: வங்கி ஸ்டேட்மெண்ட். மூன்று மாதத்துக்கு எடுத்தால் போதாது, பதின்மூன்று மாதத்துக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை பணம் எடுக்கும் சந்தா அப்போதுதான் கண்ணில் படும். 1 ரூபாய், 2 ரூபாய் போய் உடனே திரும்பி வந்திருந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்றைக்குத்தான் யாரோ இலவசச் சலுகை என்று தொட்டு மேண்டேட் கொடுத்திருப்பார்கள்.

கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், தொகை, தேதி, யார் போன், எந்த ஜிமெயில், எந்த வங்கி. போன் மகனுடையதாகவும் பணம் போவது அப்பாவின் கணக்காகவும் இருப்பது நிறைய வீடுகளில் சகஜம்.

ஆப்பை டெலிட் பண்ணிட்டேன். இனி பணம் எடுக்காதுலா?

எடுக்கும். ஆப்பை அழிப்பது கேபிள் இணைப்பை வைத்துக்கொண்டு டிவியை மட்டும் விற்ற மாதிரி. கணக்கும் மேண்டேட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் எந்த வழியில் சேர்ந்தீர்களோ அந்த வழியில் நிறுத்த வேண்டும். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயும், நேராக அந்த நிறுவனத்தின் பக்கத்தில் சேர்ந்திருந்தால் அங்கேயும். நிறுத்தியதும் ‘இந்தத் தேதி வரை பார்க்கலாம்’ என்று ஒரு வரியோ மின்னஞ்சலோ வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் அந்த மேண்டேட் போய்விட்டதா என்று பார்த்து, இன்னும் இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். வெறும் மேண்டேட்டை மட்டும் வெட்டினால் பணம் நிற்கும். ஆனால் கணக்கு பாக்கியில் நின்று ‘பணம் கட்டுங்கள்’ என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும். கடன் சம்பந்தப்பட்டது என்றால் விஷயமே வேறு. கீழே பிள்ளைகளின் படிப்பு ஆப் பற்றிய பதிலைப் பாருங்கள்.

எதை வைக்க, எதை நிறுத்த? ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

மாதத் தொகையைப் பார்க்காதீர்கள், 12ஆல் பெருக்கி வருடத் தொகையைப் பாருங்கள். 149 ரூபாய் என்றால் டீச் செலவு மாதிரி தெரியும். 1,788 ரூபாய் என்றால் யோசிப்பீர்கள். பிறகு ஆப்பில் பார்த்தவை பட்டியலைத் திறந்து, கடந்த 30 நாளில் எத்தனை நாள் பார்த்திருக்கிறது, வீட்டில் யார் பார்த்தது என்று எண்ணுங்கள். ‘நல்ல படம் வரும்’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்த்ததை மட்டும் சேருங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நெட்ஃப்ளிக்ஸ் பேசிக் 199, யூடியூப் பிரீமியம் 149, போட்டோ, மெயில் வைக்க கூகுளில் 100 ஜிபி இடம் 130, இவை மாதா மாதம். அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499. வருடக் கணக்கு: 2,388, 1,788, 1,560, 1,499. மொத்தம் 7,235 ரூபாய். எண்ணிப் பார்த்தால் நெட்ஃப்ளிக்ஸ் ஓடியது பிள்ளைகளின் கோடை விடுமுறையில் மட்டும். யூடியூப் விளம்பரம் உறுத்துவது ஒருவருக்குத்தான், அவரும் காலையில் சமைக்கும்போது பாட்டுதான் கேட்கிறார். பிரைமில் சாமான் வாங்குவதும் படம் பார்ப்பதும் வருடம் முழுக்க நடக்கிறது. போட்டோக்கள் எல்லாம் கூகுளில் இருக்கின்றன. ஆக, நெட்ஃப்ளிக்ஸ் இரண்டு மாதம் 398, பிரைம் 1,499, கூகுள் வருடத் திட்டம் 1,300, யூடியூப் வேண்டாம். மொத்தம் 3,197. யாரும் எதையும் இழக்காமல் 4,038 ரூபாய் மிச்சம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். வீட்டிலேயே இருக்கும் ஆச்சிக்கு ஒரு சந்தாதான் பொழுதுபோக்கு என்றால் அது கடைசியாக வெட்ட வேண்டியது. யாருடைய சத்தம் கேட்காதோ அவருடையதைத்தான் வீடுகளில் முதலில் நிறுத்துகிறார்கள்.

ஒரு மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் இன்னொண்ணுன்னு மாத்தி மாத்தி எடுக்கலாமா? தப்பில்லையே?

ஒரு தப்பும் இல்லை. படம், தொடர் பார்க்கும் சந்தாக்களுக்கு இதுதான் எங்கள் முதல் யோசனை. சேர்ந்த அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவற்றில் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். விதிவிலக்கு, காசு வாங்காத சோதனைக் காலங்கள். சிலவற்றில் நிறுத்திய நிமிடமே பார்க்க முடியாமல் போய்விடும். அப்படிப்பட்டதில் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். ஐபோனில் முடிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

பிரைமுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 299, மூன்று மாதம் 599, வருடம் 1,499. இரண்டு மாதம் தேவைப்பட்டாலே மூன்று மாதத் திட்டத்துக்கும் அதற்கும் ஒரு ரூபாய்தான் வித்தியாசம். ஆறு மாதம் என்றால் 1,198. அதற்கு மேல் போகுமென்றால் வருடத்துக்கே எடுங்கள். 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவில் விளம்பரமும் வருகிறது, அது வேண்டாமென்றால் தனிக் காசு.

வருஷச் சந்தா எடுத்தா லாபம்னு சொல்லுதாவளே?

பன்னிரண்டு மாதமும் பயன்படும் பொருளுக்கு லாபம். கூகுள் 100 ஜிபி மாதம் 130 என்றால் 1,560, வருடத்துக்கு மொத்தமாக 1,300. இரண்டு மாதக் காசு மிச்சம். திருப்பிச் சொன்னால், பத்து மாதத்துக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் நஷ்டம். படங்களின் உரிமை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் எதற்காகச் சேர்ந்தீர்களோ அது அடுத்த ஆடிக்கு அங்கே இருக்கும் என்று நிச்சயமில்லை.

ரீசார்ஜ்லயே ஓடிடி ஃப்ரீயா வருதுங்காங்க. அப்ப தனியா எதுக்கு?

ஓடிடி என்பது நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் மாதிரி இணையத்தில் படம், தொடர் காட்டும் ஆப். தனியாகத் தேவையில்லாமல் போகலாம், ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். போனில் மட்டும்தானா, டிவியிலும் வருமா? எத்தனை நாள்? தானாக வந்துவிடுமா, நீங்கள் ஆப்பில் போய் ஆக்டிவேட் செய்ய வேண்டுமா? கடைசிதான் நிறையப் பேருக்குத் தெரியாமல் வீணாவது. ரீசார்ஜில் கிடைப்பதையே பிளே ஸ்டோர் வழியாகவும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஒன்று வந்ததால் மற்றொன்று தானாக நிற்காது.

இன்னொன்று: 28 நாள் ரீசார்ஜ் ஒரு வருடத்தில் 12 தடவை இல்லை, 13 தடவை வரும். வீட்டில் வைஃபை இருந்து, ஆச்சி வெளியே போனால் பேச மட்டும்தான் போன் என்றால், டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமான திட்டம் ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்திருக்கிறது. கடையில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஸ்டோரேஜ் ஃபுல்லு, காசு கட்டுன்னு கூகுள்ல வந்துக்கிட்டே இருக்கு. கட்டாட்டா போட்டோ எல்லாம் போயிருமா?

உடனே போகாது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம். அது நிறைந்தால் புதுப் போட்டோ மேலே ஏறாது, மெயில் வராது, போகாது. அளவுக்கு மேலேயே இரண்டு வருடம் இருந்தால்தான் அழிக்கப்படலாம். ஆகவே பயந்துகொண்டு கட்டாமல், முதலில் எது நிறைக்கிறது என்று பாருங்கள்.

நிறைய வீடுகளில் காரணம் வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் இந்த 15 ஜிபியில்தான் சேர்கிறது. சொந்தக்காரர் குரூப்பில் காலையில் வரும் வணக்கம் வீடியோ, சடங்கு வீட்டு வீடியோ, ஒரே வீடியோ நாலு குரூப்பில் நாலு தடவை, எல்லாம் பேக்கப்பில் ஏறும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் வீடியோக்களைச் சேர்ப்பதை அணையுங்கள். பிறகு ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நிற்கும். பெரியதிலிருந்து அழித்துக்கொண்டு வாருங்கள். முடிந்ததும் மறுபடி ஒரு பேக்கப் கொடுத்தால்தான் கூகுளில் அளவு குறையும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ‘அழித்தும் குறையவில்லை’ என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸில் குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொட்டு அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். போனில் இடம் வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத்தான் தொட வேண்டும். அது கூகுளில் வைத்துக்கொண்டு போனில் மட்டும் அழிக்கும். தப்பாக அழித்துவிட்டால் பதறாதீர்கள், பேக்கப் ஆன படங்கள் குப்பையில் 60 நாள் கிடக்கும். இவ்வளவும் செய்த பிறகும் 15 ஜிபி போதவில்லை என்றால் காசு கட்டுங்கள். பிள்ளைகள் பிறந்தது முதல் உள்ள படங்களுக்கு வருடம் 1,300 ரூபாய் நியாயமான செலவு.

மவன் பெங்களூர்ல இருக்கான். அவன் நெட்ஃப்ளிக்ஸ் பாஸ்வேர்டை வச்சு நாங்க இங்க பாத்தோம். இப்ப டிவியில வரமாட்டேங்கு. ஏன்?

2023 ஜூலை முதல் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவில் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான். எந்த வீட்டு இணையத்தில் டிவி ஓடுகிறது என்று பார்த்து மற்ற வீட்டு டிவியைத் தடுக்கும். மகன் ஊருக்கு வரும்போது வேண்டுமானால் தற்காலிகக் குறியீடு பெறலாம், நிரந்தர வழி இல்லை. போனில் மட்டும் பார்ப்பீர்களென்றால் 149 ரூபாய் மொபைல் திட்டம் போதும். டிவிக்கு 199. மேலே சொன்னபடி தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் எடுங்கள்.

ஏஐ ஆப் ஒரு வருஷம் ஃப்ரீன்னு பொண்ணு போட்டிருக்கா. காலேஜுக்கு வேணுமாம். பின்னால காசு எடுப்பானா?

எந்த வழியாக எடுத்தாள் என்பதைப் பொறுத்தது. 2025இல் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்பிளெக்சிட்டி என்ற ஏஐ ஆப் 12 மாதமும், ஜியோவில் தகுதியுள்ள வாடிக்கையாளர்களுக்கு கூகுளின் ஏஐ புரோ 18 மாதமும் தந்தார்கள். போன் நிறுவனம் வழியாக வருவதில் பெரும்பாலும் மேண்டேட் கேட்பதில்லை, காலம் முடிந்தால் நின்றுவிடும். சாட்ஜிபிடி கோ 2025 நவம்பர் 4 முதல் ஒரு வருடம் இலவசம் என்று வந்தபோது கார்டு அல்லது யுபிஐ கேட்டது. அப்படிக் கொடுத்திருந்தால் வருடம் முடிந்ததும் மாதம் 399 வரக்கூடும். பதினோராவது மாதத்தில் ஒரு தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். பெண்ணுக்கு அது உண்மையிலேயே படிப்பில் உதவுகிறதா என்று அன்றைக்குக் கேட்டு முடிவெடுக்கலாம்.

பத்தாப்பு படிக்கப் புள்ளைக்கு ஆப் வாங்குனோம், மாசம் 2,500. அவன் தொறந்துகூடப் பாக்கல. நிறுத்தலாம்னா முடியாதுங்கான். ஏன்?

அது சந்தாவே இல்லாமல் இருக்கலாம். பல படிப்பு ஆப்களில் முழு வருடத் தொகையை ஒரு நிதி நிறுவனம் ஆப்காரருக்கு முன்னாலேயே கட்டிவிடும். நீங்கள் கட்டுவது அந்தக் கடனின் தவணை. வட்டி இல்லாத தவணை என்று சொல்லி ஆதார், பான், ஓடிபி வாங்கியிருந்தால் கடன்தான். இதில் மேண்டேட்டை வெட்டினால் தவணை தவறியதாகக் கணக்காகும். நிதி நிறுவனம் அபராதம் போடும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறையும், பிறகு நகைக்கடன் அல்லாத எந்தக் கடனுக்குப் போனாலும் இது முன்னால் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இது. கடன் விவரத் தாள் மெயிலில் வந்திருக்கும், அதில் யார் கடன் கொடுத்தது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனில் ஆரம்பத்தில் ஒரு விலகல் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேறலாம். அந்தக் காலம் தாண்டியிருந்தால் ஆப்காரரிடம் எழுத்தில் ரத்து கேட்டு, அவர்கள் கடனை மூடியதற்கான கடிதம் வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். விற்க வருகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்’ என்று சொன்னால் அதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கும் முன் பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் புரட்டுங்கள். அதிலிருக்கும் க்யூஆர் குறியீடுகள் அரசின் இலவசப் பாடங்கள் உள்ள தீக்‌ஷா தளத்தில் அந்தந்தப் பாடத்துக்கே போகும். காசு கிடையாது.

கடைக்கு பில்லிங் ஆப் வச்சிருக்கோம். வேற ஒண்ணுக்கு மாறணும். பழசை அப்படியே நிறுத்திரலாமா?

முதலில் தரவை வெளியே எடுங்கள். பில்கள், சரக்கு இருப்பு, பாக்கிக்காரர் கணக்கு மூன்றையும் எக்செல்லாகவும் பிடிஎஃப்பாகவும் இறக்கி, கடைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த வருடத்து ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். சந்தா முடிந்தபின் பழைய பில்லைத் திறக்க விடாத ஆப்கள் உண்டு. மாற்றத்தை ஏப்ரலில் வைத்துக்கொண்டால் ஒரே வருடக் கணக்கு இரண்டு இடத்தில் கிடக்காது. புதிதில் சேரும்போது உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள், சந்தாவில் போகும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

நிறுத்தின பொறவும் எடுத்துட்டான். யாருகிட்ட போக?

15,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே எடுக்கலாம் என்பது விதி. ஆனால் பொதுவாக 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். முதலில் அந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடி எடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிளே ஸ்டோர் என்றால் 48 மணி நேரத்துக்குள் பணம் திருப்பக் கேட்பது நல்லது. பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2023 நவம்பர் 30ஆம் தேதி வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், சேர்வது எளிதாகவும் நிறுத்துவது சுற்றலாகவும் வைக்கும் சந்தாப் பொறி தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. புகாரில் ‘சந்தாப் பொறி’ என்ற சொல்லையே எழுதுங்கள். மேண்டேட்டை ரத்து செய்தும் வங்கி பணம் விட்டிருந்தால் வங்கியில் எழுத்துப் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், எண் 14448.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள், போலி எண்கள் நிறைய. ஆப்புக்குள் இருக்கும் ஹெல்ப் வழியாகவே போங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

கணக்குல பணமே வைக்கலன்னா தானா நின்னுரும்லா?

நம்ப முடியாது. ஒரு தடவை தவறினால் மேலும் மூன்று தடவை வரை முயலும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் விழும் கணக்கில் இப்படி ஒரு மேண்டேட் கிடந்தால், பணம் விழுந்த பிறகு வரும் முயற்சியில் 149 போய்விடும். அந்த மாதிரிக் கணக்கில் எந்த மேண்டேட்டும் வைக்காதீர்கள். சந்தாக்களுக்கென்று ஒரே ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு வருவது நல்ல ஏற்பாடு.

அப்பா தவறிட்டாவ. அவங்க போன்ல இருந்து இன்னும் பணம் போய்க்கிட்டு இருக்கு. சிம்மை நிறுத்திட்டா போதுமா?

சிம்மைக் கடைசியாக நிறுத்துங்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். 90 நாள் பயன்படுத்தாவிட்டால் சிம் போய்விடக்கூடும் என்பதால், வேலை முடியும்வரை சிறிய ரீசார்ஜ் போட்டு வையுங்கள். அவர் யுபிஐ பின் தெரிந்தாலும் அதை வைத்துப் பணம் மாற்றாதீர்கள், வாரிசுதாரர்களுக்குள் பின்னால் அது பேச்சாகும். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய்த் தகவல் கொடுத்தால் கணக்கு முடக்கப்படும், அதோடு மேண்டேட்டுகளும் பணம் எடுக்க முடியாமல் நிற்கும்.

ஆனால் வங்கிக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவர் கூகுளில் காசு கட்டி இடம் வைத்திருந்தால், அது நின்றபின் அளவு மீறிய கணக்காக மாறி முன்பு சொன்ன இரண்டு வருடக் கெடு ஓட ஆரம்பிக்கும். யாரும் திறக்காத கூகுள் கணக்கும் இரண்டு வருடத்தில் நீக்கப்படலாம். போட்டோ, அவர் பேசிய வீடியோ, வாட்ஸ்அப் குரல் செய்தி எல்லாவற்றையும், கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகவும், போனைக் கணினியில் இணைத்தும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்துவிடுங்கள். போன் லாக் திறக்க முடியவில்லை என்றால், இறந்தவர் கணக்கு குறித்துக் குடும்பத்தினர் விண்ணப்பிக்க கூகுளிலேயே ஒரு படிவம் இருக்கிறது. அதற்கு நாளாகும். எனவே போனை ரீசெட் செய்து பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதை அதுவரை தள்ளி வையுங்கள்.